நான்காம் பிரிவு, ஏழாம் வரி

‘கேரட் நேராக இருத்தல் வேண்டும்.
நீளம் பதினெட்டு சென்டிமீட்டருக்குக் குறையலாகாது.
கிளைத்தவை ஏற்கப்படா.’
பதினோரு வருடமாக
இந்த வரிக்குக் கீழே என் கையெழுத்து.

மருத்துவமனையின் கொள்முதல் எழுத்தர் நான்.
நோயாளிகளுக்கு என்னைத் தெரியாது.
அவர்கள் விழுங்கும் ஒவ்வொரு கவளத்திலும்
என் முத்திரையின் ஊதா மை கொஞ்சம் கலந்திருக்கும்.

ஐந்தாம் மாடியில் நின்றால்
ஹாலந்து சதுப்பின் கறுப்பு மண் தெரியும்,
மழை நின்ற மறுநாள்
இடித்த எள் போல மினுங்கிக்கொண்டு.
அங்கே விளைகிற கேரட் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை.
எங்களுடையது கலிஃபோர்னியாவிலிருந்து,
நாலாயிரம் கிலோமீட்டர் குளிரில் படுத்தபடி,
பென்சில் டப்பாவில் அடுக்கினாற்போல.

ரூர்ட் வேன்ஸ்ட்ரா தன் கொட்டகைக்குக் கூப்பிட்டார்.
ஒரு குவியல்.
கால் மேல் கால் போட்ட கேரட். மூக்கு வைத்த கேரட்.
தும்பிக்கையோடு ஒன்று, அதை எடுத்துத் தனியாக வைத்தேன்.
குதிரைகளுக்கே அலுத்துவிட்டதாம்,
மிச்சத்தை உழுது புதைப்பார்களாம்.
ஜமைக்காவிலிருந்து ஒன்பதாவது பருவமாக வந்திருந்த டெல்ராய்
ஒன்றை ஜீன்ஸில் துடைத்துக் கடித்தார்.
அந்தச் சத்தத்தை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது.
“நேரா இருக்கணும்னு சொன்னது யாரு?”
நான் காலணியில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டல உணவுக் குழு நான்கு முறை கூடியது.
‘நிலைத்த’ என்ற சொல் முப்பத்தொரு தடவை வந்தது.
எண்ணினேன். வேறு வேலை தெரியாது எனக்கு.
கடைசி நாள் வேன்ஸ்ட்ரா எழுந்தார்.
“நான் வாங்கும்போது வீட்டு வாசலுக்கு ஒரே படி.
இப்போது மூன்று.
வீடு வளரவில்லை.
மண் இறங்குகிறது, காற்றில் போகிறது.
நிலைத்த என்கிறீர்களே, எதை?”
காப்பி இயந்திரம் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிரவு ஏழாம் வரியை அழித்தேன்.
ஒரு பொத்தானை அழுத்துகிற வேலைதான்.
விரல் நடுங்கியதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

சமையற்கட்டில் செலெஸ்தினா
கரண்டியைக் கீழே வைத்தாள்.
“இந்தச் சீவும் இயந்திரம் கோணலை விழுங்காது.
கோணலுக்குக் கை வேண்டும்.
கைக்குக் கூலி வேண்டும்.
கூலி எந்தப் பிரிவில் இருக்கிறது, ஐயா?”
எந்தப் பிரிவிலும் இல்லை.
வாரத்துக்கு இருநூற்றுப் பதினான்கு டாலர் உதைத்தது.
மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்துவிட்டு
நாலாம் நாள் ஆறு பிரஷ் கேட்டாள்.
தோலோடு வேகட்டும் என்றாள்.
அப்படியும் தொண்ணூறு இடித்தது.
அதை ‘இதர செலவுகள்’ என்ற
கருணை மிகுந்த தலைப்பின் கீழ் சேர்த்தேன்.

மூன்றாம் வார்டில் இடுப்பு அறுவை முடிந்த ஒருவர்
இருகால் கேரட் ஒன்றைச் சாப்பிடாமல்
தட்டின் ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தார்,
நடக்கப் போவதைப் போல.
இன்னொருவர் மண் வாசம் என்று திருப்பி அனுப்பினார்.
இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் வேன்ஸ்ட்ராவின் குளிர்கிடங்கு காலி.
மறுபடி லாரி வந்தது,
பென்சில்கள் வந்தன.

ஆண்டறிக்கையில் கணக்குப் போட்டேன்:
மொத்த உணவுச் செலவில் நாங்கள் நகர்த்தியது
முந்நூற்று இருபதில் ஒரு பங்கு.
புள்ளி மூன்று ஒன்று சதவீதம் என்று தட்டினேன்.
மேலதிகாரி சிரித்தார்,
சிரிக்கட்டும்.
தமிழில் அதற்குப் பெயர் முந்திரி.
அவ்வளவு சிறியதற்கும் பெயர் வைத்த யாரோ
அதைக் கையில் வைத்து எடைபோட்டிருக்க வேண்டும்,
உதறிவிடாமல்.

மணி ஆறு. கட்டடம் காலி.
ஐந்தாம் பிரிவைத் திறந்திருக்கிறேன்.
‘வெங்காயம் உருண்டையாக இருத்தல் வேண்டும்.’